இருட்டாக இருக்க வேண்டிய கிண்ணம்

ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில் என்னைச் செல் அறைக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் என் ஆராய்ச்சி வழிகாட்டி. காரணம், என் கழுத்தில் புதிதாக ஏறியிருந்த மஞ்சள் கயிறு. இதை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. வரட்டும். ஆறிய பிறகுதான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

காரைக்காலில் நான் ஆராய்ச்சி செய்கிற கல்லூரியில், எங்கள் துறைக் கட்டடத்தின் கோடியில் இருக்கிறது அந்த அறை. கண்ணாடிக் கதவு. உள்ளே உடம்புச் சூட்டிலேயே இருக்கிற ஒரு பெட்டி. அதற்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் உயிருள்ள செல்கள். அவற்றுக்கு வேளைக்கு ஊட்டம் மாற்ற வேண்டும், நெருக்கியடித்து வளர்ந்தால் பிரித்து வேறு கிண்ணத்தில் விட வேண்டும், கிருமி அண்டாமல் காக்க வேண்டும். பக்கத்து அறையில் நுண்ணோக்கி. அங்கே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. என் ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டு அறைக்குள்தான் நடக்கிறது. செல் அறைக்குள் போகாதே என்று சொல்வதும், நாளையிலிருந்து வராதே என்று சொல்வதும் எனக்கு ஒன்றுதான்.

நான் செய்கிற வேலையை ஊரில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. விழிதியூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா கேட்டார்.

“இன்னுமா படிக்கிற?”

“ஆமாங்க, இன்னும் படிக்கிறேன்.”

“அப்படி என்னதான் படிப்பு அது?”

“நோய் வந்த செல்லுக்குள்ள லைட்டு எரிய வெக்கிற படிப்புங்க.”

“எலக்ட்ரீசியனா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டேன்.

உண்மையில் அது ஒன்றும் பெரிய மர்மமில்லை. எங்களிடம் ஒரு துகள் இருக்கிறது. சாதாரண நுண்ணோக்கியில்கூடத் தெரியாத அளவுக்குச் சின்னது. நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும் குணம் அதற்கு உண்டு. அந்த ஒளியை அமுக்கி வைக்க அதன்மேல் ஒரு மூடியைக் கட்டியிருப்போம். சிறுநீரகச் செல் கெட ஆரம்பிக்கும்போது அதற்குள்ளே ஒரு நொதி அளவுக்கு மீறிப் பெருகும். அந்த நொதி வந்து மூடியைக் கட்டியிருக்கும் இழையை வெட்டும், மூடி விழும், துகள் ஒளிரும். செல்லைக் கொல்ல வேண்டாம், அறுக்க வேண்டாம். அது உயிரோடு இருக்கும்போதே உள்ளே போய் நோயைக் காட்டிக் கொடுத்துவிடும். இதை நாங்கள் புரோப் என்று சொல்வோம். பத்திரிகைக்காரர்கள் இதை எழுதினால் ஒளி, நம்பிக்கை, விடியல் என்று அடுக்கிவிடுவார்கள். ஆனால் என்னைக் கேட்டால், இந்த வேலையில் பாதிக்கு மேல் இருட்டைப் பற்றியது.

ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணத்தில் புரோப் போடாமல் வெறும் செல்லை மட்டும் வைப்போம். அதற்குப் பிளாங்க் என்று பேர். அது இருட்டாக இருக்க வேண்டும். நோயுற்ற செல் எவ்வளவு பளிச்சென்று ஒளிர்ந்தாலும் சரி, பிளாங்க் இருட்டாக இல்லையென்றால் எதையும் நம்ப முடியாது. ஒளிர்ந்தது நோயா, வேறு எதுவோவா என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஒரு மருத்துவமனையில் இந்தப் புரோப்பை வைத்துப் பார்த்து, நல்ல உடம்புக்காரரைப் பிடித்து உங்களுக்குச் சிறுநீரகம் கெடப் போகிறது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் படம் எடுக்கப் போனால் முதலில் பிளாங்கைத்தான் பார்ப்பேன். இருட்டாக இருந்தால் மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

அந்த வருஷம் ஆடிக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. காவிரியின் கடைமடை எங்கள் பக்கம். எல்லோரும் குடித்து மிச்சம் வந்தால்தான் எங்களுக்கு. வந்தது என்றதும் குரும்பகரத்தில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் பதினெட்டாம் பெருக்குக்கு வாய்க்கால் கரைக்குப் போனோம். என் புகுந்த ஊர் அதுதான். பழைய தாலிக்கயிற்றைக் கழற்றிவிட்டுப் புதுக் கயிற்றில் கோத்துக்கொள்கிற நாள் அது. என் மாமியார் முந்தின நாளே கயிற்றை மஞ்சளில் ஊறப் போட்டிருந்தார். கடையில் வாங்குகிற கயிற்றில் நிறம் போதவில்லை என்பது அவர் கட்சி. மஞ்சளை அரைத்துக் குழைத்து, அதில் புரட்டி எடுத்து, ஈரத்தோடு என் கழுத்தில் கட்டிவிட்டார். ரவிக்கைக் கழுத்தெல்லாம் மஞ்சள். எனக்குப் பக்தி அதிகமில்லை, ஆனால் அந்தக் கூட்டமும் தண்ணீரும் பிடிக்கும். சித்திரான்னமும் பிடிக்கும்.

மறுநாள் செல் அறைக்குப் போய் ஊட்டம் மாற்றினேன். அதற்கடுத்த நாள் படம் எடுக்க உட்கார்ந்தபோது பிளாங்க் பச்சையாக மின்னியது.

புரோப் ஒரு சொட்டுகூடப் படாத கிண்ணம். ஒவ்வொரு செல்லும் உள்ளுக்குள் பச்சை. நல்ல வேலை செய்த புரோப் எப்படி ஒளிருமோ அச்சு அசலாக அப்படியே. நுண்ணோக்கியின் வடிகட்டி கெட்டுவிட்டதா என்று பார்த்தேன், இல்லை. புட்டி திறக்காத ஊட்டத்தைப் பார்த்தேன், இருட்டு. நான் தொடாத கிண்ணம் ஒன்று பெட்டியின் பின்வரிசையில் இருந்தது, அதுவும் இருட்டு. நான் தொட்டதெல்லாம் மின்னியது. அப்படியானால் நான்தான். என்னில் எது?

கையில் பிடிக்கிற புறஊதா விளக்கு ஒன்று துறையில் உண்டு. கள்ள நோட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, அதைப் போட்டு என் கையுறையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் பச்சை கலந்த மஞ்சள். விளக்கை மேலே கொண்டுபோனேன். கோட்டுக் கழுத்துப்பட்டி மின்னியது. கண்ணாடியில் பார்த்தால், கழுத்தைச் சுற்றிக் கயிறு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தனி அறையில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மஞ்சள் ஒளிரும் என்று எங்களுக்குப் பாடத்திலேயே உண்டு. செல்லுக்குள் சுலபமாக நுழைந்துவிடும் என்பதும் தெரியும். தெரியாமல் போனது வேறு. குனிந்து வேலை பார்க்கும்போது வெளியே விழுகிற கயிற்றை உள்ளே தள்ளிவிடுவது எங்கள் பெண்களுக்குப் பழக்கம். கை தன்னால் போய்விடும். தள்ளிய கையோடு கையுறையை எடுத்து மாட்டினால் மஞ்சள் கையுறையின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. பிறகு செல் அறையின் விதிப்படி கையுறைமேல் ஸ்பிரிட்டை அடித்துச் சுத்தம் செய்கிறோம். மஞ்சள் தண்ணீரில் கரையாது. ஸ்பிரிட்டில் சர்க்கரையாகக் கரையும். அது வழிந்து புட்டி வாயில் இறங்கி, கிண்ணத்துக்குள் போய்விடுகிறது. எவ்வளவு ஒழுங்காகச் சுத்தம் செய்கிறோமோ அவ்வளவு ஒழுங்காக அழுக்கைப் பரப்பியிருக்கிறோம்.

ஒரு நூலிழையை ஸ்பிரிட்டில் முக்கி, அதில் துளியை எடுத்துப் புதுக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தேன். செல்கள் பச்சையாயின. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். ஓடிப்போய் என் வழிகாட்டி சாரிடம் சொன்னேன். அவர் பாராட்டுவார் என்றே நினைத்தேன்.

சாரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த நுண்ணோக்கி வருவதற்காக எத்தனையோ அலுவலக வாசலில் காத்துக் கிடந்தவர் அவர். கல்யாணமான பெண் பாதியில் விட்டுப் போய்விடும் என்று மற்றவர்கள் தயங்கியபோது என்னைச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். ஆனால் அந்த நேரம் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று வரவிருந்தது. எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, இது மேலே போகலாமா வேண்டாமா என்று சொல்லப் போகிறவர்கள். சார் பயந்துபோயிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது.

“அப்ப இவ்வளவு நாளா மஞ்சளத்தான் படம் புடிச்சிக்கிட்டு இருந்தமா?”

“இல்லங்க சார், இந்த வாரம்தான் இவ்வளவு. முன்னாடியெல்லாம் பிளாங்க் இருட்டாத்தானே இருந்துச்சு.”

மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கி வைத்தார். பிறகு சொன்னார். “கோவிச்சுக்காதீங்கம்மா. குழு வர்ற நேரம். கல்யாணமான பொண்ணுங்க இனிமே செல் ரூம் பக்கம் வேணாம். ஒங்க செல்லயெல்லாம் தம்பி பாத்துக்குவாரு.”

“இனிமேன்னா எதுவரைக்கும் சார்?”

“குழு வந்துட்டுப் போவட்டும்.”

“அப்புறம்?”

“அப்புறம் பாப்போம். இல்ல, கழட்டி வெச்சிட்டு வர்றதுன்னா வாங்க. அது ஒங்க இஷ்டம்.”

கல்யாணமான பெண்கள் என்று பன்மையில் சொன்னார். துறையில் அந்தப் பன்மைக்கு மொத்தம் நான் ஒருத்திதான். அப்புறம் பாப்போம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியும்.

என் அம்மா நெடுங்காட்டில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். வேலை செய்த வீடுகளில் கொல்லைப்புறத்தோடு நின்றுவிடுவார். உள்ளே வராதே என்று அவரிடம் யாரும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போடத் தேவையே இல்லாமல் அது நடந்துகொண்டிருந்தது. நான் படித்தது எதற்கு என்று யாராவது கேட்டால், வாசலில் நிற்காமல் இருப்பதற்கு என்றுதான் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கு, நான் வளர்த்த செல் இருக்கிற அறையின் வாசலைக் காட்டி, மரியாதையாக, பேச்சில் ஒரு ‘அம்மா’ போட்டுச் சொல்கிறார்கள். மரியாதையாகச் சொன்னால் மட்டும் வலிக்காமல் போய்விடுமா?

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். கயிற்றைக் கழற்றச் சொன்னதைக் கேட்டு அவர் கொதிப்பார், நானும் சேர்ந்து கொதிக்கலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் கீரையை ஆய்ந்துகொண்டே, “அதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிருக்க? பீரோவுல சங்கிலி கெடக்கு. அதுல கோத்துக்க. வேலதான முக்கியம்?” என்றார்.

“மாட்டேன்.”

“ஏன்?”

“இப்ப சங்கிலில கோத்துக்கிட்டா அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்.”

“கயிறும் தங்கமும் ஒண்ணுதாங்கிறேன் நான். நீதான் புடிவாதம் புடிக்கிற. போன பொறப்புல வக்கீலா இருந்திருப்ப போல” என்று கீரைத் தண்டைத் தூக்கிப் போட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே சௌகரியப்பட்டால் நானே சங்கிலிக்கு மாறியிருப்பேன். எத்தனையோ பேர் மாறியிருக்கிறார்கள், ஒன்றுமே போடாதவர்களும் இருக்கிறார்கள். அது கழுத்துக்காரியின் சௌகரியம். ஒரு கோளாறுக்கு மருந்தாக என் கழுத்தை மட்டும் காட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மஞ்சள் என் கழுத்தில் மட்டுமா இருக்கிறது? அந்தக் கேள்வி அப்போதே வந்துவிட்டது. கையில் சான்று இல்லாததால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

தம்பி என்று சார் சொன்னது எங்கள் கூடவே ஆராய்ச்சி செய்கிற பையனை. பையன் என்று நான் சொல்வது செல்லத்துக்கு. அவனுக்கும் ஆராய்ச்சி முடிகிற தறுவாய். ஊருக்குள்ளேயே வீடு. என் செல்களை அவனிடம் ஒப்படைத்ததில் அவனுக்கு என்னைவிடக் கூச்சம். என் முகத்தைப் பார்க்காமல், “அக்கா, ஊட்டம் மாத்திட்டேன்கா” என்று சொல்லிவிட்டு நழுவுவான். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பழைய படங்களை ஒழுங்கு பண்ணுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். என் கிண்ணத்தை இன்னொரு கை திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது கொடுமை. அவன் நன்றாகத்தான் செய்தான். அது இன்னும் கொடுமை.

அப்படி உட்கார்ந்து பழைய படங்களைத் திருப்பியதில் ஒன்று கண்ணில் பட்டது. நான் சாரிடம் இருட்டு என்று சொன்ன பழைய பிளாங்குகள் முழு இருட்டில்லை. சிலவற்றில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல். அதை நாங்கள் பின்னணி என்று சொல்லி, கணினியில் கழித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். எல்லோருடைய படங்களிலும் அது இருந்தது. சார் அந்தக் காலத்தில் எடுத்த படங்களிலும் இருந்தது.

அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை கழிந்து வந்த வேலைநாளில் தம்பி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சாருகிட்ட இன்னும் சொல்லல.”

“சொல்லு.”

“பிளாங்க் மின்னுதுக்கா.”

நான் அந்த அறைக்குள் கால் வைக்கவே இல்லை. கதவைக்கூடத் தொடவில்லை. நுண்ணோக்கியில் போய்ப் பார்த்தேன். என் கயிறு செய்த அளவுக்கு இல்லை, ஆனால் சந்தேகமில்லாமல் பச்சை.

“வெள்ளிக்கிழம எப்ப ஊட்டம் மாத்துன?”

“தொழுதுட்டு, வீட்டுல சாப்டுட்டு வந்துதான்.”

“என்ன சாப்ட்ட?”

“பிரியாணி. தால்ச்சா.” சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். “சோப்புப் போட்டுக் கழுவுனேன்கா. ரெண்டு தடவ.”

சோப்புக்கு மசிகிற சாமானா அது. மஞ்சளும் நெய்யும் நக இடுக்கில் போய் உட்கார்ந்தால், நாம் என்ன தேய்த்தாலும் ஸ்பிரிட் வந்து கூப்பிடுகிறவரை அங்கேயேதான் இருக்கும்.

இதை நான் சாரின் அறைக்குப் போய் மெதுவாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதுதான் பணிவு என்று வளர்த்திருக்கிறார்கள். சொல்லியிருந்தால், சரி, தம்பியும் வேண்டாம், பிரியாணி சாப்பிடாத வேறு ஆள் பார்ப்போம் என்றிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருத்தி கழுத்தைக் காட்டிச் சொன்னதை அடுத்து ஒருத்தன் சாப்பாட்டைக் காட்டிச் சொல்வது ரொம்ப சுலபம். அதற்கு இடம் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். “நீ வாயத் தொறக்காத. கூட்டத்துல நான் பேசிக்கிறேன்” என்று தம்பியிடம் சொன்னேன்.

வாரம் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நுண்ணோக்கி அறையில் எல்லோரும் கூடி அவரவர் படத்தைக் காட்டிப் பேசுவோம். சார், தம்பி, நான், டெக்னீஷியன் அம்மா. டெக்னீஷியன் அம்மாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அண்ணன் குடும்பம் பிரான்சிலேயே இருக்கிறது. தங்கச் சங்கிலியில் சிலுவை போட்டிருப்பார். தங்கள் வீட்டில் எல்லோரும் முள்கரண்டியில்தான் சாப்பிடுவது என்று எங்களிடம் அடிக்கடி சொல்வார். நல்ல மனுஷி. என் பிளாங்க் மின்னிய அன்றைக்கு எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தவர்.

என் முறை வந்ததும் எழுந்தேன். “படம் காட்டுறதுக்கு முன்னாடி லைட்ட அணைக்கணும் சார்” என்றேன். கறுப்புத் துணி ஏற்கெனவே மூடியிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கைப் போட்டேன். சாரின் வெள்ளைச் சட்டை முதலில் நீலமாகத் தெரிந்தது. சோப்புத்தூள் செய்கிற வேலை அது. என் வலதுகையை நீட்டினேன். மதியம் சாம்பார். நகத்தைச் சுற்றிப் பச்சை மஞ்சளாக ஒரு வளையம்.

“இது என் கை. கயிறு இல்ல, கை. இனிமே ஒவ்வொருத்தரா நீட்டுங்க.”

தம்பி உடனே நீட்டினான். விரலெல்லாம் மின்னியது. டெக்னீஷியன் அம்மா, “நான் முள்ளுல சாப்டுறவ, என் கையில என்ன இருக்கப் போவுது?” என்று சொல்லிக்கொண்டே நீட்டினார். உள்ளங்கை முழுக்க எரிந்தது. எங்கள் எல்லோர் கையையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

“அய்யய்யோ” என்றார். “காலையில சங்கரா மீன் கழுவுனேன். மஞ்ச போடாம எப்படிக் கழுவுறது?”

தம்பி சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விளக்கை சார் பக்கம் திருப்பினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், ஒங்க கையும்.”

“எதுக்கும்மா இதெல்லாம்? புரிஞ்சிது.”

“நீட்டுங்க சார்.”

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. இன்றைக்கோடு என் ஆராய்ச்சி முடிந்தது என்றுகூட நினைத்தேன். முடிந்தால் முடியட்டும், விளக்கைத் தாழ்த்த மாட்டேன் என்றுதான் நின்றேன். கை வலித்தது.

சார் கையைப் பிரித்து மெதுவாக விளக்குக்குக் கீழே வைத்தார். எலுமிச்சைச் சோறு கொண்டுவந்திருந்தார் போலிருக்கிறது. விரல் நுனியிலிருந்து இரண்டாம் கணுவரை பச்சை மஞ்சள். அவரே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாப்டா இருக்கத்தானே செய்யும்?” என்றார்.

“அதத்தான் சார் நானும் சொல்றேன். சாப்டுற கைதான் எல்லாருக்கும். என்னை மட்டும் வெளில நிக்க வெச்சீங்க.”

விளக்கைப் போட்டதும் அவர் பழைய படங்களைக் கேட்டார். அந்தச் சாம்பல் மங்கலைக் காட்டினேன். அவருடைய சொந்தப் படங்களையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் விஞ்ஞானி, பார்த்ததை இல்லை என்று சொல்கிறவர் இல்லை. அன்றைக்கே விதி மாறியது. செல் அறைக்குள் போகிற யாராக இருந்தாலும் முதலில் வெறுங்கையை ஸ்பிரிட்டில் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, வாசலில் புறஊதா விளக்கில் காட்ட வேண்டும். கோட்டைக் கழுத்துவரை பித்தான் போட வேண்டும்; கயிறு, சங்கிலி, சிலுவை எதுவானாலும் உள்ளே. கையுறை மாட்டிய பிறகு அந்தக் கை கழுத்துக்குப் போகக் கூடாது. இதை நான் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது சார் சொன்னார். “சரிம்மா. ஆனா குழு வர்றதுக்கு நாள் கிட்ட வந்துடுச்சு. இந்த ஒரு தடவ தம்பியே முடிச்சிடட்டும். அடுத்ததுலேருந்து நீங்க பாருங்க.”

எனக்கு உள்ளே என்னமோ அறுந்த மாதிரி இருந்தது. இவ்வளவு காட்டியும் கடைசியில் அதே நாற்காலிதான்.

“இல்லங்க சார். நான்தான் செய்வேன்.”

“அன்னிக்கும் மின்னுனா என்ன பண்ணுவீங்க?”

“மின்னுனா குழுகிட்ட நானே சொல்றேன், இது மஞ்சள், எங்க தப்புன்னு. ஆனா மின்னாது.”

தம்பி எழுந்து நின்றான். “சார், அக்கா செல்ல அக்காவே பாக்கட்டும். நான் பாத்ததும்தான் மின்னிச்சே” என்றான். பயந்தவன், அவ்வளவு பேசியதே பெரிசு. நான் சாரின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. அவர்கள் பார்க்கவே கையை ஸ்பிரிட்டில் துடைத்து, கழுவி, பித்தானைக் கழுத்துவரை போட்டு, வாசலில் விளக்குக்குக் கீழே கையை வைத்தேன். நகத்தின் இயல்பான மங்கல் நீலம் தவிர வேறொன்றும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பெட்டியில் இருந்த எல்லாக் கிண்ணங்களையும் கொட்டிவிட்டேன். உறையவைத்த சேமிப்பிலிருந்து செல்லை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். புதுச் செல் பிடிக்குமா, நாளுக்குள் வளருமா என்று திக்திக் என்றுதான் இருந்தது. வாசலில் யாராவது நின்று பார்த்தால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வேன். வீட்டில் மாமியார், “என்னாச்சு ஒன் புள்ளைங்க?” என்று செல்களைக் கேட்பார். “வளருது” என்பேன். நன்றாக வளர்ந்தன. பாதியை நோய்ப்படுத்தினேன், பாதியை நலமாக விட்டேன், ஒரு கிண்ணத்தைப் பிளாங்காக ஒதுக்கிவிட்டு மற்றதிலெல்லாம் புரோப்பை விட்டேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் காலையில் சார் நுண்ணோக்கி அறைக்கு வந்தார். நான் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை ஏற்றி, பிளாங்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு எழுந்து இடம் விட்டேன். அவர் குனிந்து கண்ணை வைத்தார். குமிழைத் திருகினார். இன்னும் திருகினார். நிமிர்ந்து நுண்ணோக்கியின் பக்கவாட்டைப் பார்த்தார்.

“லைட்டு போட்டிருக்கீங்களா?”

“போட்டுத்தான் சார் இருக்கு.”

மறுபடியும் குனிந்தார். இருட்டு. சாம்பல்கூட இல்லாத முழு இருட்டு. நான் கையை நீட்டித் தட்டை நகர்த்தி, நோயுற்ற செல்களை அவர் கண்ணுக்குக் கீழே கொண்டுவந்தேன். அத்தனையும் பளிச்சென்று பச்சை. அடுத்து நலமான செல்களை வைத்தேன்; அங்கங்கே ஒன்றிரண்டு புள்ளி, அவ்வளவுதான். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நாளைக்கு அவங்க வரும்போது நான் காட்டுறேன். நீங்களும் பக்கத்துலயே நில்லுங்கம்மா. எதாவது கேட்டா சொல்லலாம்.”

அவர் எழுந்த நாற்காலி சூடாக இருந்தது. நான் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“நிக்க மாட்டேன் சார்” என்றேன். “நாளைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். நீங்க பக்கத்துல நில்லுங்க.”